ஹார்மோன்களும் பெண்ணின் பாலியல் நலமும்: கர்ப்பத்துக்கு முன்னும், கர்ப்பத்திலும், அதற்குப் பின்னும்

மாதத்தில் சில நாள்கள் துணையோடு நெருக்கமாக இருக்கத் தோன்றுகிறது. சில நாள்கள் தொட்டாலே எரிச்சல் வருகிறது. கர்ப்பமான முதல் மூன்று மாதம் அந்த நினைப்பே எட்டிப் பார்க்கவில்லை, ஐந்தாம் மாதத்தில் திடீரென்று ஆசை திரும்பி வந்தது. குழந்தை பிறந்து நான்கு மாதமாகிறது, இன்னும் உடலுறவு என்றால் வலிதான். இவற்றில் எதைச் சொன்னாலும் பெண்களுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லாம் ஹார்மோன்.”

பதில் பொய்யில்லை. ஆனால் எந்த ஹார்மோன், உடம்பில் எந்த இடத்தில், என்ன செய்கிறது என்று தெரியாமல் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதைவிட மோசம், “ஹார்மோன்தானே, பொறுத்துக்கொள்” என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பெண்ணுறுப்பின் ஈரம், தோலின் தடிமன், ரத்த ஓட்டம், நோய்த்தொற்றைத் தடுக்கும் திறன் ஆகியவற்றில் ஹார்மோனின் பிடி மிகவும் இறுக்கமானது. ஆசை விஷயத்தில் அந்தப் பிடி தளர்வானது. அங்கே தூக்கம், மனநிலை, பயம், துணையோடு உள்ள உறவு எல்லாமே சேர்ந்துகொள்ளும். வறட்சியையும் வலியையும் “மனசுதான் காரணம்” என்று தள்ளிவிடுவதும், ஆசைக் குறைவை “ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகிவிடும்” என்று நம்புவதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது

ஹார்மோன் என்பது உடலில் ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறோர் இடத்தில் போய் வேலை வாங்குகிற வேதிப்பொருள். ரத்தம் எங்கும் ஓடுவதால் ஹார்மோனும் எங்கும் போகும். ஆனால் அதற்குரிய ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம், உள்ள செல் மட்டுமே அதற்கு அசைந்துகொடுக்கும். ரயில் நிலைய ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுகிறது, அந்த வண்டிக்குக் காத்திருப்பவர் மட்டும்தான் பையைத் தூக்கிக்கொண்டு எழுகிறார். அப்படித்தான் இதுவும்.

பெண்களின் முக்கிய ஹார்மோன்களில் ஒன்றான ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் கருப்பை, மார்பகம், எலும்பு, மூளை, பெண்ணுறுப்பின் உள்சுவர், சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதி என்று பல இடங்களில் உள்ளன. அதனால்தான் ஈஸ்ட்ரோஜன் ஒன்று குறைந்தாலும் தூக்கமின்மை, சிறுநீர் எரிச்சல், உடலுறவில் வலி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரிகிற தொல்லைகள் சேர்ந்து வருகின்றன.

இத்தனைக்கும் அளவு மிகச் சிறியது. முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடயோலை ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை பிகோகிராம் என்று அளக்கிறார்கள். ஒரு பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

கட்டளை தொடங்குவது மூளையில். ஹைப்போதாலமஸ் என்ற சிறு பகுதி விட்டுவிட்டுத் துடிப்புபோல ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பியை எழுப்புகிறது. பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்ப, சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோனையும் தயாரிக்கின்றன. கடும் மன அழுத்தம், சாப்பாட்டைக் குறைத்து வேகமாக எடை இழப்பது, அளவு மீறிய உடற்பயிற்சி இவையெல்லாம் அந்த முதல் துடிப்பையே மந்தமாக்கிவிடும். பரீட்சை சமயத்தில் மாதவிடாய் தள்ளிப்போவது இப்படித்தான்.

ஒரு மாதத்துக்குள் நடப்பது

ரத்தப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாள் என்று வைத்து எண்ணுகிறோம். அடுத்த மாதவிடாய் தொடங்கும்வரை உள்ள காலம் 21 முதல் 35 நாள்வரை இருந்தால் வயதுவந்த பெண்ணுக்கு அது இயல்பே. எல்லோருக்கும் 28 நாள்தான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தொடக்கத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவு. சினைப்பையில் முட்டைப் பை வளர வளர அது ஏறி, உச்சத்தைத் தொட்டதும் மூளை எல்.எச். ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டுகிறது. அது தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை வெளியே வருகிறது. முட்டை போன பின் மிஞ்சிய பை மஞ்சள் உடலம் என்ற தற்காலிகச் சுரப்பியாக மாறி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கர்ப்பம் தரிக்காவிட்டால் சுமார் 14 நாளில் அது வாடிவிடும். இரண்டு ஹார்மோன்களும் சரியும், மாதவிடாய் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது: மாதத்துக்கு மாதம் நீள்வதும் குறைவதும் பெரும்பாலும் முட்டை வெளிவருவதற்கு முந்தைய பாதிதான். பிந்தைய பாதி ஓரளவு நிலையானது. எனவே 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளிவருவது 21ஆம் நாளை ஒட்டித்தான். “14ஆம் நாள்” என்ற கணக்கை எல்லோருக்கும் பொருத்துவதால், குழந்தைக்கு முயல்பவர்களும் ஏமாறுகிறார்கள், தவிர்க்க நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாதவிடாய் முடிந்த சில நாள்களுக்கு உள்ளாடையில் அநேகமாக ஈரமே படாது. பிறகு வெண்மையாக, பசைபோலக் கொஞ்சம் கசிவு தென்படும். முட்டை வெளிவரும் நாள் நெருங்க நெருங்க அது நீர்த்துத் தெளிவாகும். இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்தால் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் நூலாக வரும். கருப்பை வாயில் சுரக்கும் சளியை ஈஸ்ட்ரோஜன் இப்படி இளக்குகிறது. விந்தணு நீந்திப் போக வசதியான நாள்கள் இவை, ஐந்து நாள்வரை அது உள்ளே உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். முட்டை வெளிவந்த பின் புரோஜெஸ்டிரோன் ஆட்சிக்கு வந்ததும் ஓரிரு நாளில் அதே சளி கெட்டியாகி வழியை அடைத்துவிடும். வெள்ளைப்படுகிறது என்று பயந்துபோய் வருகிற இளம்பெண்களில் பலருக்கு நடப்பது இந்த மாத மாற்றம் மட்டுமே. அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை, நிற மாற்றம் இருந்தால்தான் அது நோய்த்தொற்றாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் செய்கிற இன்னொரு வேலை இவ்வளவு தெளிவாகக் கண்ணில் படாது. பெண்ணுறுப்பின் உள்சுவரை அது தடிமனாக, மடிப்புகளோடு, நெகிழ்வாக வைத்திருக்கிறது. அந்தச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சேர்கிறது. அதிலிருந்து கிடைக்கும் சத்தில் வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. இதனால் உள்ளே பி.எச். அளவு 3.8 முதல் 4.5 என்ற அமில நிலையில் நிற்கிறது. தீங்கு செய்யும் கிருமிகள் பலவற்றுக்கு அந்த அமிலம் ஆகாது. சோப்பு, வாசனைத் திரவம், பீய்ச்சிக் கழுவும் பொருள்கள் என்று எதைக் கொண்டும் உள்ளே கழுவ வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும்.

ஆசை எங்கிருந்து வருகிறது

நிறைய பெண்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், முட்டை வெளிவரும் நாள்களை ஒட்டி ஆசை சற்று ஏறுவதும், புரோஜெஸ்டிரோன் கூடுதலாக இருக்கும் பிற்பாதியில் சற்று இறங்குவதும் தெரிகிறது. ஆனால் இது சராசரிக் கணக்கு. உங்களுக்கு அப்படி இல்லையென்றால் உங்களிடம் குறை இருப்பதாகப் பொருளில்லை.

டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு மட்டுமானது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். பெண்ணின் ரத்தத்தில் மாதத்தின் பெரும்பாலான நாள்களில் எஸ்ட்ராடயோலைவிட டெஸ்டோஸ்டிரோன்தான் அதிகம். சினைப்பைகளும், சிறுநீரகங்களின் மேலே உள்ள அட்ரீனல் சுரப்பிகளும் அதைத் தருகின்றன. இருபதுகளிலிருந்து வயது ஏற ஏற அது மெதுவாகக் குறைந்துகொண்டே வரும். ஆசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. இருந்தாலும் ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் இவ்வளவு ஆசை இருக்கும் என்று கணக்குப்போட முடியாது. 2019இல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட உலகளாவிய கருத்தொருமை அறிக்கை இதை வெளிப்படையாகவே சொன்னது: ஆசைக் குறைவைக் கண்டறிய டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பயன்படுத்தக் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, ஆசைக் குறைவு அவர்களையே வருத்தும் அளவுக்கு இருந்தால், வேறு காரணங்களை ஆராய்ந்த பிறகு தருவதற்கு மட்டுமே சான்று இருக்கிறது என்றும் சொன்னது. “பெண்களுக்கான ஹார்மோன் ஊக்கி” என்று விற்கப்படுவதை வாங்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த ஒரு விளக்கம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆசை வந்த பிறகே நெருக்கம் என்ற வரிசை எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றார் அவர். நீண்ட கால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு முதலில் நெருக்கம், தொடுகை, நிதானம். உடல் கிளர்ந்த பிறகே ஆசை பின்னால் வருகிறது. தானாக ஆசை முளைக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இதைக் காட்டி விருப்பமில்லாதவளை வற்புறுத்த எவருக்கும் உரிமை கிடையாது.

சரி, ஹார்மோன் கோளாறே நேரடிக் காரணமாக இருப்பது எப்போது? தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, எடை கூடுதல், மாதவிடாய்க் குழப்பம், அவற்றோடு ஆசைக் குறைவும் வரலாம். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் தேவையில்லாமல் ஏறினால் மூளையின் அந்த முதல் துடிப்பு அடங்கிப்போகும், மாதவிடாய் நின்றுபோகும், பால் கொடுக்காதவருக்கும் மார்பில் பால் கசியலாம். பிட்யூட்டரியில் சிறு கட்டி, சில மனநல மருந்துகள், தைராய்டு குறைவு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடுதலாக இருப்பதால் முகத்தில் முடி, பரு, தள்ளித்தள்ளிப் போகும் மாதவிடாய் என்று வரும். கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. இவர்களில் பலருக்குத் தங்கள் உடல் தோற்றத்தைப் பற்றிய வருத்தமே பாலியல் வாழ்க்கையை அதிகம் பாதிக்கிறது, ஹார்மோன் அளவு அதற்கு அடுத்துத்தான்.

கருத்தடை மாத்திரைகள் பற்றி ஒரு வரி. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தை ரத்தத்தில் கூட்டுவதால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் குறையும். பெரும்பாலானவர்களுக்கு ஆசையில் மாற்றம் தெரிவதில்லை. சிலருக்குக் குறையும், சிலருக்குக் கர்ப்ப பயம் நீங்கியதாலேயே கூடும். குறைந்ததாகத் தோன்றினால் வேறு முறைக்கு மாறலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் ஆசையையும் பாலியல் உச்சத்தையும் மந்தப்படுத்தும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது.

கர்ப்பம் தரித்ததும்

கரு கருப்பைச் சுவரில் பதிந்ததும் எச்.சி.ஜி. என்ற புது ஹார்மோன் தாயின் ரத்தத்துக்கு வருகிறது. வீட்டில் செய்யும் சிறுநீர்ச் சோதனை காட்டுவது இதைத்தான். தொடக்க வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். வாடிப்போக வேண்டிய மஞ்சள் உடலத்தை வாடவிடாமல் வைத்து, புரோஜெஸ்டிரோனைத் தொடர்ந்து சுரக்கவைப்பது இதன் முதல் வேலை. ஏழு முதல் ஒன்பது வாரத்தில் நஞ்சு (கருப்பையில் குழந்தையைத் தாயோடு இணைக்கும் பிளசெண்டா) அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது.

அதன் பிறகு ஹார்மோன் அளவுகள் வேறு எந்தக் காலத்திலும் இல்லாத உயரத்துக்குப் போகின்றன. 1929இல் எட்வர்டு டாய்சியும் அடால்ஃப் புட்டெனாண்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோஜனை முதன்முதலாகத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்துதான். அவ்வளவு தாராளமாக வேறெங்கும் அது கிடைக்கவில்லை.

கர்ப்பத்தில் அதிகமாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வகையின் பெயர் எஸ்ட்ரியால். இது உருவாகும் விதம் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். தாயின் ரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை நஞ்சு எடுத்து ஒரு படி மாற்றுகிறது. ஆனால் அடுத்த படிக்குத் தேவையான நொதி நஞ்சிடம் இல்லை. சிசுவின் அட்ரீனல் சுரப்பி அந்தப் படியைச் செய்கிறது, சிசுவின் ஈரல் அதை இன்னும் கொஞ்சம் மாற்றுகிறது, அப்புறம் நஞ்சுக்கே திரும்பிவந்து எஸ்ட்ரியாலாகித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. தாய், நஞ்சு, குழந்தை மூவரும் சேர்ந்தால்தான் இந்த ஒரு ஹார்மோன் முழுமையாக உருவாகும்.

இவ்வளவும் சேர்ந்து உடலில் என்ன செய்கின்றன? ரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இடுப்புப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. சிலருக்கு இதனால் தொடுகையும் உச்சமும் முன்பைவிட ஆழமாக உணரப்படும், சிலருக்கு அதே ரத்தத் தேக்கம் கனமாகவும் அசௌகரியமாகவும் இருக்கும். மார்பு முதல் மாதங்களில் தொட முடியாத அளவுக்கு வலிக்கலாம். வெள்ளைப்படுதல் கூடும், மெலிதாக வாடையின்றி இருந்தால் அது இயல்பு. குமட்டலுக்கு நஞ்சிலிருந்து வரும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனுக்கு முக்கியப் பங்கு இருப்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஹார்மோனுக்கு உடல் பழகியிருக்காத பெண்களுக்கு வாந்தி கடுமையாகிறது. “உடம்பை வளைக்க மாட்டாள், அதனால்தான் வாந்தி” என்று பேசுபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

ஆசையைப் பொறுத்தவரை, முதல் மூன்று மாதம் குமட்டலாலும் அசதியாலும் பலருக்குக் குறையும். நடு மூன்று மாதத்தில் குமட்டல் அடங்கி, வயிறும் இன்னும் பெரிதாகாத நிலையில் பலருக்குத் திரும்பும். கடைசி மூன்று மாதத்தில் மறுபடி இறங்கும். ஒன்பது மாதமும் ஆசை குறையாதவர்களும் உண்டு, ஒன்பது மாதமும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. இரண்டும் சரியே.

கர்ப்பத்தில் உடலுறவு: எது பயம், எது எச்சரிக்கை

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் உடலுறவு பாதுகாப்பானது. குழந்தை பனிக்குட நீருக்குள் இருக்கிறது, அதைச் சுற்றிக் கருப்பையின் தடித்த தசை, கீழே மூடிய கருப்பை வாய். அந்த வாயில் புரோஜெஸ்டிரோன் கெட்டியாக்கிய சளி அடைப்பு வேறு. ஆணுறுப்பு குழந்தையைத் தொடுவதில்லை. உடலுறவால் கருச்சிதைவு வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆரம்ப வாரங்களில் நடக்கும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்கு, கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். முந்தின இரவு நடந்ததை நினைத்துத் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டு வருந்தும் தம்பதிகள் ஏராளம், அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

உச்சத்தின்போது கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரப்பதால் வயிறு சிறிது நேரம் இறுகித் தளரும். சற்று ஓய்வெடுத்தால் போய்விடும் என்றால் கவலை வேண்டாம். இறுக்கம் ஒழுங்கான இடைவெளியில் வந்து, வலி கூடிக்கொண்டே போனால்தான் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். விந்தில் கருப்பை வாயை இளக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் இருப்பதால் தேதி நெருங்கியவர்கள் உறவு கொண்டால் பிரசவ வலி எடுக்கும் என்ற பேச்சும் இருக்கிறது. செய்து பார்த்த ஆய்வுகளில் அப்படி உறுதியான பலன் தெரியவில்லை.

மருத்துவர் “வேண்டாம்” என்று சொல்லும் நிலைமைகள் உண்டு. நஞ்சு கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருப்பது, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவது, கருப்பை வாய் முன்கூட்டியே திறந்துகொள்ளும் நிலை, குறைமாதப் பிரசவ வலி தொடங்குவது ஆகியவை. இவற்றில் ஏதாவது இருந்தால், எதெல்லாம் கூடாது என்று விவரமாகக் கேட்டுவிடுங்கள். “சேராமல் இருங்க” என்று பொதுவாகச் சொன்னால், உடலுறவு மட்டுமா, உச்சமும் கூடாதா, எத்தனை வாரத்துக்கு என்று கேட்பதில் தவறே இல்லை.

கர்ப்பத்தில் கருப்பை வாய் ரத்தம் தேங்கி மென்மையாக இருப்பதால், உறவுக்குப் பின் ஒரு சொட்டு ரத்தம் தெரிவது நடக்கக்கூடியது. ஆனாலும் கர்ப்பத்தில் எந்த ரத்தக் கசிவையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தாயின் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஊசி தேவைப்படலாம், நஞ்சு இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து மாதத்துக்குப் பிறகு மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்ற வைக்கும். பக்கவாட்டில் படுப்பதோ, பெண் மேலே இருப்பதோ எளிது. வாய்வழி உறவில் பெண்ணுறுப்புக்குள் காற்றை ஊதக் கூடாது. அரிதாக அந்தக் காற்று ரத்தக்குழாய்க்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் கிளைகோஜனும் ஏறுவதால் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். தயிர்த் திரள்போல வெள்ளை, அரிப்பு, எரிச்சல் இருந்தால் அது. கர்ப்பிணிகளுக்கு உள்ளே வைக்கும் மருந்து ஏழு நாள் கொடுப்பதே வழக்கம், கடையில் கேட்டு வாய்வழி மாத்திரை விழுங்காதீர்கள். புரோஜெஸ்டிரோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துவதால் சிறுநீர்த் தொற்றும் எளிதில் பிடிக்கும், சிலருக்கு எரிச்சலே தெரியாது. அதனால்தான் ஆரம்பத்திலேயே சிறுநீரைச் சோதிக்கிறார்கள். இன்னும் முக்கியமானது பால்வினைத் தொற்று. கர்ப்பமாகிவிட்டதே, இனி ஆணுறை எதற்கு என்ற நினைப்பு தவறு. சிஃபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டும் குழந்தைக்குப் போகும், இரண்டையும் சோதித்துச் சிகிச்சை கொடுத்தால் பெருமளவு தடுக்கலாம். துணைக்குத் தொற்று இருக்க வாய்ப்பு உண்டென்றால் கர்ப்பத்திலும் ஆணுறை வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு

நஞ்சு வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சில நாள்களுக்குள் அதலபாதாளத்துக்கு விழுகின்றன. கர்ப்பம் முழுக்கப் புரோலாக்டின் ஏறியிருந்தும் பால் பெருகாமல் பிடித்துவைத்திருந்தது புரோஜெஸ்டிரோன்தான். அது விலகியதும் இரண்டு முதல் நான்கு நாளில் பால் பெருகுகிறது. பால் கொடுக்கும் காலத்தில் புரோலாக்டின் உயரமாகவே இருந்து சினைப்பையை அடக்கிவைக்கிறது. விளைவு, ஈஸ்ட்ரோஜன் குறைவு. பெண்ணுறுப்பின் சுவர் மெலிகிறது, ஈரம் குறைகிறது. இருபத்தைந்து வயதிலும் மாதவிடாய் நின்றவருக்கு வருவது போன்ற வறட்சி வரும். அன்பு குறைந்துபோனதற்கான அடையாளமாக இதைத் துணைவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் சார்ந்த வழவழப்புத் திரவம் ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்க்கும், போதாவிட்டால் மருத்துவர் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு தருவார். உச்சத்தின்போது மார்பிலிருந்து பால் பீறிடுவதும் உண்டு. குழந்தை உறிஞ்சும்போது பாலை வெளித்தள்ளும் அதே ஆக்சிடோசின்தான் அங்கும் சுரக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

எப்போது தொடங்கலாம் என்பதற்கு ஒரே தேதி கிடையாது. ரத்தப்போக்கு நின்று, தையல் ஆறி, அந்தப் பெண்ணுக்கும் விருப்பம் வர வேண்டும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். சிசேரியன் ஆனவர்களுக்கும் வறட்சி வரும். ஆறு வாரம் முடிந்ததே என்று யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது கருத்தடை விஷயத்தில். முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். பால் கொடுக்காதவருக்கு நான்கு வாரத்துக்குள்கூட அது நடக்கலாம், எனவே மூன்று வாரத்திலிருந்தே பாதுகாப்பு தேவை. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் இன்னும் வரவில்லை, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்ற மூன்றும் ஒருசேர இருந்தால் தாய்ப்பாலே 98 சதவீதம் காக்கும். மூன்றில் ஒன்று விலகினாலும் அந்தக் கணக்கு செல்லாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை இந்த ஆரம்ப வாரங்களில் தவிர்ப்பார்கள், ரத்தக்கட்டு ஆபத்து அப்போது அதிகம். புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ளவை, காப்பர் டி, ஆணுறை என்று தேர்வுகள் இருக்கின்றன.

பிரசவமான முதல் வாரத்தில் வரும் அழுகையும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். வடியாமல் சோகம் நீடித்தால், குழந்தையிடம் ஒட்டுதலே வராவிட்டால், சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. தாமதிக்க வேண்டாம்.

மாதவிடாய் நிற்கும் காலம்

பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. உடல் சூடேறி வியர்ப்பது சில ஆண்டுகளில் தணிந்துவிடும். பெண்ணுறுப்பின் வறட்சி அப்படி இல்லை, கவனிக்காமல் விட்டால் ஆண்டுக்கு ஆண்டு கூடும். சுவர் மெலிந்து, கிளைகோஜன் குறைந்து, லாக்டோபேசில்லஸ் குறைந்து, அமிலமும் போய்விடுவதால் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். இதற்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பும் மாத்திரையும் நன்றாக வேலை செய்கின்றன. அவற்றிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது

“உடம்பு சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் நேரம்தான் போகும். வலி என்றால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். நுழையும்போதே வாசலில் எரிகிறதா, வறட்சி, பூஞ்சை, தையல் தழும்பு, தசை தானாக இறுகிக்கொள்வது என்று மருத்துவர் யோசிப்பார். ஆழத்தில் குத்துகிறதா, அவர் யோசிப்பது எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), சினைப்பைக் கட்டி, கருப்பைக் குழாய் தொற்று பற்றி. எப்போது தொடங்கியது, கடைசி மாதவிடாய் எப்போது, பால் கொடுக்கிறீர்களா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், உடலுறவுக்குப் பின் ரத்தம் வருவது திரும்பத் திரும்ப நடந்தாலும், மற்ற எதையும்விட முதலில் அதைச் சொல்லுங்கள்.